ஒன்று, பத்து, இரண்டு

ஒரு வருடமாக அப்பு ஒரே விஷயத்தைத்தான் பேசிக்கொண்டிருந்தான். பாலடைப் பாயசம்.

போன ஓணத்துக்குப் பள்ளிக்கூடத்தில் பெரிய விருந்து போட்டார்கள். அதில் அவனுக்குப் பாயசம் கிடைக்கவில்லை. அப்போது அவன் ஒன்றாம் வகுப்பு. எந்த வகுப்பு எந்தப் பந்தியில் உட்கார வேண்டும் என்று ஹெட்மாஸ்டர் தாமஸ் சார் மைக்கில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மைக் கரகரத்தது. வெளியே மழை கொட்டியது. ஆளாளுக்குக் கத்தினார்கள். காலில் வேகம் உள்ளவர்கள் முந்திக்கொண்டார்கள். ஒன்றாம் வகுப்பு என்று ஒன்று இருப்பதே கடைசியில்தான் எல்லாருக்கும் ஞாபகம் வந்தது.

அதற்குள் பாயச அண்டாவைப் பெரிய பையன்கள் வழித்துத் துடைத்து வைத்துவிட்டார்கள். சின்னப் பிள்ளைகளுக்குச் சோறும் மோரும்தான் மிச்சம்.

"மோர் குடிக்கிறதுக்குப் பேரு ஓணமா சேச்சி?" என்று அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அப்பு அழுதான். அவன் அக்கா தீர்த்தா அவன் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அவள் வயிற்றில் இரண்டு டம்ளர் பாயசம் இருந்தது. அது அவளுக்கு ரொம்ப உறுத்தியது.

இப்போது தீர்த்தா ஏழாம் வகுப்பு. பள்ளியின் கணினிக் கழகத்தில் இருக்கிறாள். புதன்கிழமை தோறும் லிஜி டீச்சர் அங்கே ஜாவாஸ்கிரிப்ட் சொல்லிக்கொடுக்கிறார்.

பெயரைக் கேட்டு யாரும் பயந்து ஓட வேண்டாம். கணினியிடம் வேலை வாங்குவதற்கு அது ஒரு மொழி, அவ்வளவுதான். அம்மாவிடம் போய் "பசிக்குது" என்றால் போதும், தட்டு வந்துவிடும். கணினியிடம் அப்படிச் சொன்னால் ஒன்றும் நடக்காது. தட்டை எடு, கீழே வை, சோற்றைப் போடு, குழம்பை ஊற்று என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். சொன்னதை அப்படியே செய்யும். சொல்லாததைச் செய்யவே செய்யாது. மனதில் நினைத்தது அதற்குத் தெரியாது.

தீர்த்தாவுக்கு இது பிடித்துப்போனது. தினமும் சாயங்காலம் சாயா குடித்ததும் அம்மாவின் போனை எடுத்துக்கொண்டு பழக உட்கார்ந்துவிடுவாள். அந்த நேரத்தில் போனில் யாராவது கூப்பிட்டால் அம்மாவுக்கு முன்னால் தீர்த்தாவின் முகம்தான் சுளிக்கும்.

முதலில் 'மாறி' என்றால் என்ன என்று பழகினாள். பெயர் ஒட்டிய டப்பா போல அது. 'வயது' என்று பெயர் ஒட்டி உள்ளே ஏழு என்று போட்டால், எப்போது கேட்டாலும் ஏழு என்று எடுத்துக் கொடுக்கும். பிறகு 'இஃப்' பழகினாள். மழை பெய்தால் குடை, இல்லாவிட்டால் தொப்பி. அதுவும் சுலபம்தான்.

அடுத்து 'லூப்'. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வைப்பது. தீர்த்தா ஆசையாக, "அப்பு ஒரு வாலு" என்று எழுதிக்கொண்டே இரு என்று போனுக்குச் சொன்னாள். எப்போது நிறுத்த வேண்டும் என்று சொல்ல மறந்துவிட்டாள். போன் எழுதியது, எழுதியது, எழுதிக்கொண்டே இருந்தது. கடைசியில் இட்லி போலச் சூடாகி அசையாமல் நின்றுவிட்டது.

அம்மா அன்று சொன்னதையெல்லாம் இங்கே எழுதினால் பக்கம் போதாது. அப்புவுக்கு மட்டும் ஒரே சந்தோஷம். தன்னை வாலு என்று சொன்ன போனுக்கு அது வேண்டும் என்றான்.

ஓணம் நெருங்கியபோது லிஜி டீச்சர் ஒரு கேள்வி கேட்டார். படித்ததை வைத்து ஓண விழாவுக்கு யாராவது ஏதாவது செய்து காட்ட முடியுமா? படகுப் போட்டி விளையாட்டு செய்யலாம் என்றார்கள் சில பையன்கள். தீர்த்தா எழுந்து நின்று, பந்திக்கு ஆள் கூப்பிடும் வேலையைக் கணினியிடம் கொடுக்கலாம் என்றாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் தோழி ஷிஃபானா சிரித்துவிட்டாள். "சாப்பிட வான்னு சொல்லக் கம்ப்யூட்டர் எதுக்குடீ? எனக்கு மணமே போதும்."

"உனக்குப் போதும். சின்னப் பிள்ளைங்க உன்னைப் போல ஓடி வர முடியாதே" என்றாள் தீர்த்தா.

அவள் திட்டம் இதுதான். ஒவ்வொரு வகுப்புத் தலைவரும், தன் வகுப்பு கை கழுவித் தயாரானதும் மடிக்கணினியில் வகுப்பு எண்ணையும், வந்திருக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கையையும் போட வேண்டும். போடுகிறவர் முன்னே பின்னே வந்தாலும் கணினி சின்ன வகுப்பு முதல் பெரிய வகுப்பு வரை வரிசைப்படுத்திக்கொள்ளும். கூடத்தில் ஒரு பந்திக்கு இரண்டு வகுப்புகள்தான் உட்காரலாம். அந்த இரண்டின் எண்களைப் பெரிய திரையில் காட்டும். எத்தனை இலை போட வேண்டும் என்பதையும் கூட்டிச் சொல்லும்.

தாமஸ் சார் தாடையைத் தடவிக்கொண்டே கேட்டார். கடைசியில் சரி என்றார். ஆனால் மைக்கும் தன் கையிலேயே இருக்கும் என்று சொன்னார். அந்த மைக்மேல் அவருக்குத் தனிப் பாசம்.

அன்று வீட்டுக்குப் போனதும் தீர்த்தா அப்புவிடம் சொன்னாள்: "இந்த வருஷம் முதல் பந்தி உங்களுக்குத்தான். ஒண்ணாம் வகுப்பும் ரெண்டாம் வகுப்பும். என் கம்ப்யூட்டர் கூப்பிடும்."

"சத்தியமா?"

"சத்தியமா."

மறுநாளே அது இரண்டாம் வகுப்பு முழுக்கத் தெரிந்துவிட்டது. காரிடாரில் தீர்த்தாவைப் பார்த்தால் சின்னச் சின்னப் பிள்ளைகளெல்லாம் நின்று, "முதல் பந்தி தானே சேச்சி?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். ஒரு குட்டிப் பெண் அவளுக்கு ஒரு புளிப்பு மிட்டாய்கூடக் கொடுத்தாள். தீர்த்தாவுக்குப் பெருமையாகவும் இருந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

அதனால் விழுந்து விழுந்து பழகினாள். ஷிஃபானா வகுப்புத் தலைவர் போல நடித்து எண்களைப் போடுவாள். கணினி என்ன சொல்கிறது என்று இருவரும் பார்ப்பார்கள்.

முதல் நாளே ஒரு கூத்து நடந்தது. ஷிஃபானா ஒரு வகுப்பில் முப்பத்திரண்டு பேர், இன்னொன்றில் இருபத்தெட்டு பேர் என்று போட்டாள். எத்தனை இலை வேண்டும் என்று கணினி பெரிய எழுத்தில் காட்டியது: 3228.

"மூவாயிரத்து இருநூத்து இருபத்தெட்டு இலையா?" ஷிஃபானா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஊர்ல இருக்கிற வாழை மரமெல்லாம் இன்னைக்கே ஒளிஞ்சுக்கும்டீ."

தீர்த்தாவும் சிரித்தாள். பிறகு யோசித்தாள். முப்பத்திரண்டையும் இருபத்தெட்டையும் கணினி எண்ணாகப் பார்க்கவில்லை. தட்டச்சு செய்த எழுத்துகளாகப் பார்த்து, ஒன்றின் பின்னால் ஒன்றை ஒட்டிவிட்டது. இவை எண்கள், இவற்றைக் கூட்டு என்று அதற்குச் சொல்லவே இல்லையே. ஒரு கட்டளை சேர்த்தாள். திரை அறுபது என்றது. வாழை மரங்கள் பிழைத்தன.

வரிசைப்படுத்தும் வேலை அதைவிடச் சுலபமாக முடிந்தது. அதற்கென்றே ஒரு கட்டளை இருந்தது. லிஜி டீச்சர் கொடுத்த பயிற்சியில் அந்தக் கட்டளைக்குள் குட்டியாக இன்னொரு வரியும் இருந்தது. முதல் எண்ணிலிருந்து அடுத்த எண்ணைக் கழித்துப் பார்க்கச் சொல்லும் வரி. அது எதற்கு என்று தீர்த்தாவுக்குப் புரியவில்லை. எடுத்துவிட்டுப் பார்த்தாள். அது இல்லாமலேயே ஐந்து, மூன்று, ஏழு, ஒன்று என்று போட்டதையெல்லாம் கணினி அழகாக வரிசைப்படுத்தியது. தேவையில்லாத வரி எதற்கு என்று அதை அழித்துவிட்டாள்.

ஏழு வரைக்கும்தான் அவர்கள் போட்டுப் பார்த்தார்கள். எட்டு, ஒன்பது, பத்து வகுப்புகளுக்கு அந்தப் பக்கத்துக் கொட்டகையில் தனி விருந்து என்று ஏற்பாடு.

விழா நாள் வந்தது. கூடவே மழையும் வந்தது. வாசலில் போட்ட பூக்களம் நனையாமல் இருக்க அதைக் காரிடாருக்குள் மாற்றினார்கள். மாவேலி என்னும் மகாபலி ராஜா வேஷம் போட்ட பையனின் மீசை ஒரு பக்கம் கரைந்து வழிந்தது. சமையல் கொட்டிலிலிருந்து பாலடை கொதிக்கும் மணம் வந்தபோது மட்டும் எல்லாரும் மழையை மன்னித்தார்கள்.

அப்போதுதான் தாமஸ் சார் குடையைப் பிடித்துக்கொண்டு வேக வேகமாக வந்தார். முகம் தொங்கிப்போயிருந்தது. பெரிய வகுப்புகளின் கொட்டகை ஒழுகிக் குளமாகிவிட்டதாம். எல்லாரும் ஒரே கூடத்தில்தான் சாப்பிட வேண்டுமாம். அது போதாதென்று ஆற்றில் தண்ணீர் ஏறியதால் படகை நிறுத்திவிட்டார்கள். பரிமாற வருவதாகச் சொன்ன அப்பா அம்மாக்களில் முக்கால்வாசிப் பேர் அக்கரையில் மாட்டிக்கொண்டார்கள். இக்கரையில் மூன்றே பேர் இருந்தார்கள்.

"மூணு பேரை வெச்சுக்கிட்டு நான் எப்படி இத்தனை இலைக்குப் பரிமாறுவேன்?" என்று அவர் மழையிடம் கேட்டார். பிறகு தீர்த்தாவிடம் திரும்பினார். "எட்டு, ஒன்பது, பத்தையும் உன் கம்ப்யூட்டர் கூப்பிடுமா?"

"கூப்பிடும் சார்" என்றாள் தீர்த்தா. இன்னும் மூன்று எண்கள்தானே என்று நினைத்தாள். போட்டுப் பார்த்துப் பழக நேரம் இல்லை.

வகுப்புத் தலைவர்கள் வரிசையாக வந்து எண்களைப் போட்டார்கள். கூடத்தில் பாய் விரித்து இலை போட்டிருந்தது. முன்வாசலில் ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் கையைப் பிடித்துக்கொண்டு தயாராக நின்றன. இரண்டாம் வகுப்பின் முதல் ஆள் அப்பு. புது மஞ்சள் சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை.

தீர்த்தா பொத்தானை அழுத்தினாள். பெரிய திரையில் எழுத்து வந்தது.

முதல் பந்தி: 1, 10.

ஒரு நொடி யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அடுத்த நொடி பத்தாம் வகுப்புப் பையன்கள் போட்ட கூச்சலில் கூரையே அதிர்ந்தது. எல்லாருக்கும் முன்னால் ஜெஸ்வின் வந்தான். பள்ளியிலேயே உயரமானவன், வடம் இழுக்கும் போட்டியில் கடைசி ஆளாக நிற்பவன். சரிகைக் கரை போட்ட கசவு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்து வந்து நடு இலையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். அவன் பின்னால் வகுப்பே வந்து உட்கார்ந்தது. மறு பக்கத்தில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அவர்களைப் பார்த்து மிரண்டுபோய் உட்கார்ந்தார்கள்.

இரண்டாம் வகுப்பு வாசலிலேயே நின்றது. முன்னே போகவும் இல்லை, பின்னே போகவும் இல்லை.

தீர்த்தா அப்புவைப் பார்த்தாள். அவன் அழவில்லை. அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அழுதிருந்தால்கூடத் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது.

"உன் கம்ப்யூட்டருக்குப் பத்தாம் வகுப்பு மேல இவ்வளவு பாசமா?" என்று ஷிஃபானா காதோரம் கேட்டாள். அவளுக்கும் சிரிப்பு வரவில்லை. பத்தாம் வகுப்பு முதல் பந்தியில் உட்கார்ந்தால் பாயச அண்டாவின் கதி என்ன ஆகும் என்று பள்ளிக்கே தெரியும்.

தாமஸ் சார் மைக்கை எடுத்து ஊதிப் பார்த்தார். கூடம் முழுக்கக் கரகரவென்றது.

தீர்த்தா மடிக்கணினியை விட்டு எழுந்தாள். அந்த மைக் பேச ஆரம்பித்தால் போன வருடம் போலத்தான் ஆகும். எல்லாரும் ஓடுவார்கள். அப்பு மறுபடியும் மோர்தான் குடிப்பான். அவள் சாரிடம் ஓடினாள்.

"சார், தப்பு என்னோடதுதான். கம்ப்யூட்டர் நான் சொன்னதைத்தான் செஞ்சிருக்கு. அஞ்சு நிமிஷம் குடுங்க, கண்டுபிடிச்சுடறேன்."

சார் பரிமாறும் மூன்று பேரைப் பார்த்தார். அவர்கள் இன்னும் தண்ணீர் தெளித்து இலை துடைத்து முடிக்கவில்லை. உப்பு வைக்கத் தொடங்கும்வரை நேரம் தருவதாகச் சொல்லி மைக்கைக் கீழே இறக்கினார்.

தீர்த்தா மடிக்கணினி முன்னால் உட்கார்ந்தாள். லிஜி டீச்சர் பின்னால் வந்து நின்றார். அவர் தொட்டுச் சரிசெய்துவிடவில்லை. கணினி எப்படிப் படிக்குமோ அப்படி வாய்விட்டுப் படித்துப் பார் என்று மட்டும் சொன்னார்.

திரையில் முழு வரிசையும் இருந்தது. "ஒண்ணு, பத்து, ரெண்டு, மூணு, நாலு..." என்று தீர்த்தா படித்தாள். எட்டும் ஒன்பதும்கூட அததன் இடத்தில் ஒழுங்காக இருந்தன. பத்து மட்டும்தான் இடம் மாறி உட்கார்ந்திருந்தது. ஏன் பத்து மட்டும்? மற்றதெல்லாம் ஓர் இலக்கம். பத்துக்கு மட்டும் இரண்டு இலக்கம்.

அவளுக்குச் சட்டென்று அந்த மூவாயிரத்துச் சொச்சம் இலை ஞாபகம் வந்தது. அன்றைக்குப் போலவே இன்றைக்கும் கணினி எண்களை எழுத்துகளாகப் பார்த்திருக்கிறது.

"ஷிஃபானா, அகராதியில சின்ன வார்த்தை முதல்ல வருமா, பெரிய வார்த்தை முதல்ல வருமா?"

"சின்னது பெரிசுன்னு ஏதுடீ? முதல் எழுத்து எதுவோ அதைப் பார்த்துதான் வரும்."

"அதேதான். பத்தோட முதல் எழுத்து ஒண்ணு. அதான் அதைக் கொண்டுபோய் ஒண்ணு பக்கத்துலயே உட்கார வெச்சிருக்கு. பத்து பெரிசுன்னு அதுக்கு யாரு சொன்னா? கூட்டும்போது எண்ணாப் பாருன்னு சொன்னேன். வரிசைப்படுத்தும்போது சொல்லவே இல்லை."

சொல்லும்போதே அவள் அழித்த அந்தக் குட்டி வரி கண்முன் வந்து நின்றது. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பார்க்கச் சொல்லும் வரி. எழுத்தைக் கழிக்க முடியாது, எண்ணைத்தான் கழிக்க முடியும். இரண்டிலிருந்து பத்தைக் கழித்தால் எது பெரிசு என்று தெரிந்துவிடும். அதற்குத்தான் அந்த வரி. தேவையில்லை என்று நினைத்துத் தூக்கிப் போட்டதை நினைத்துத் தன் தலையிலேயே ஒரு குட்டு வைத்துக்கொண்டாள்.

வரியைத் திரும்ப எழுதினாள். இந்த முறை அவசரப்படவில்லை. நூறு, இருபது, பதினொன்று, மூன்று என்று தாறுமாறாகப் போட்டுப் பார்த்தாள். மூன்று, பதினொன்று, இருபது, நூறு என்று கணினி சமர்த்தாக அடுக்கியது. பின்னாலிருந்து லிஜி டீச்சரின் கை அவள் தோளில் ஒரு தட்டு தட்டியது.

பெரிய திரை மாறியது. முதல் பந்தி: 1, 2.

வாசலில் நின்ற இரண்டாம் வகுப்பு, 'ஹோ' என்று கத்தியது. ஆனால் கூடத்துக்குள் யாரும் அசையவில்லை.

ஜெஸ்வின் திரையைப் பார்த்தான். தன் இலையைப் பார்த்தான். "இலைக்கு முன்னாடி உட்கார்ந்தவங்களை எழுப்பக் கூடாது சார். மாவேலி கோவிச்சுக்குவார்" என்றான் பணிவாக. கண்ணில் குறும்பு வழிந்தது. பின்னால் இருந்தவர்கள் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

தாமஸ் சார் தாடையைத் தடவினார். அந்த ஊரில் எதை வேண்டுமானாலும் செய்யலாம், இலை முன்னால் உட்கார்ந்தவரை எழுந்திரு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. சொன்னவருக்குத்தான் அவமானம். பையன்களுக்கும் அது நன்றாகத் தெரியும்.

கணினியைச் சரிசெய்தாயிற்று. இலை முன்னால் உட்கார்ந்திருக்கும் ஜெஸ்வினை எந்தக் கட்டளை போட்டுச் சரிசெய்வது? தீர்த்தா நகத்தைக் கடித்தாள். பரிமாறும் மூன்று பேரில் ஒருவர் ஒரு கையில் உப்பும் மறு கையில் நேந்திரங்காய் வறுவலான உப்பேரியுமாக எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றார். அவரைப் பார்த்ததும் தீர்த்தா நகம் கடிப்பதை நிறுத்தினாள்.

பத்தாம் வகுப்பு அண்ணன்மாருக்குப் பாயசம் பிடிக்கும். ஆனால் அதைவிடப் பிடித்த ஒன்று உண்டு. எல்லாரும் பார்க்க, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பாயச வாளியைத் தூக்கிக்கொண்டு, பந்தியின் நடுவே நடந்து வருவது. கல்யாண வீடுகளில் அந்த வாளிக்கு நடக்கும் போட்டியை அவள் பார்த்திருக்கிறாள்.

அவள் சாரிடம் போய் ரகசியமாக ஒன்று கேட்டாள். சாரின் புருவம் மேலே ஏறியது. பிறகு அவர் சமையல் கொட்டில் பக்கம் பார்த்துக் கையை அசைத்தார். அங்கே அண்டாவிலிருந்து ஒரு பெரிய பாத்திரம் நிறையப் பாயசத்தை மொண்டு, மூடி போட்டுத் தனியே வைத்தார்கள்.

தீர்த்தா மறுபடி உட்கார்ந்தாள். இப்போது எழுதியது ஒரு 'இஃப்'. வகுப்பு எண் பத்து என்றால், பந்தி எண்ணைக் காட்டாதே, வேறு ஒன்றைக் காட்டு. அழுத்தினாள். பெரிய திரை முழுக்கச் சிவப்பு எழுத்தில் மூன்று வரிகள் வந்தன.

பரிமாறும் படை: பத்தாம் வகுப்பு.

பாயச வாளி: ஜெஸ்வின்.

படைக்கு உரிய பாயசம் தனியே எடுத்து வைக்கப்பட்டுள்ளது.

கூடமே அதைப் படித்தது. வாசலில் இருந்து ஒரு சின்னக் குரல் கேட்டது. "ஜெஸ்வின் சேட்டா, எனக்கு ரெண்டு கரண்டி ஊத்துவீங்களா?"

அது அப்பு. அவ்வளவுதான், இரண்டாம் வகுப்பு முழுக்க ஜெஸ்வின் சேட்டா, ஜெஸ்வின் சேட்டா என்று கை தட்டத் தொடங்கியது. உள்ளே மிரண்டு உட்கார்ந்திருந்த ஒன்றாம் வகுப்பும் சேர்ந்துகொண்டது. சுற்றி நின்ற பெண் பிள்ளைகளும் தட்டினார்கள். மாவேலி பாதி மீசையோடு தட்டினார்.

ஜெஸ்வின் மூன்றாவது வரியை இரண்டு முறை படித்தான். பிறகு மெதுவாக எழுந்தான். காதெல்லாம் சிவந்திருந்தது, முகம் முழுக்கச் சிரிப்பு.

"என்னை யாரும் எழுப்பலை, கேட்டுக்கோங்க. நானாத்தான் எழுந்தேன்" என்றான். வேட்டியை மடித்துக் கட்டினான். தன் ஆட்களைப் பார்த்து, "எதுக்குடா இன்னும் உட்கார்ந்திருக்கீங்க? அவியல் யாரு, சாம்பார் யாரு, சீக்கிரம் சொல்லுங்க" என்று அதட்டினான். வகுப்பே எழுந்து சமையல் கொட்டிலுக்கு ஓடியது.

இரண்டாம் வகுப்பு உள்ளே வந்தது. நடு இலையில் அப்பு உட்கார்ந்தான். ஜெஸ்வின் உட்கார்ந்திருந்த அதே இலை. அவனுக்கு அது கொஞ்சம் பெரிசு.

உப்பு வந்தது, உப்பேரி வந்தது, வெல்லம் பூசிய சர்க்கரவரட்டி வந்தது. இஞ்சிக்கறி, ஓலன், அவியல், தோரன் எல்லாம் அததன் இடத்தில் விழுந்தன. சோற்றின் மேல் பருப்பும் நெய்யும் விழுந்தன. பப்படம் நொறுங்கும் சத்தத்தில் மழைச் சத்தம் அடங்கிவிட்டது. இருபத்தைந்து பையன்கள் பரிமாறினால் எப்படி இருக்கும் என்று அன்றுதான் தாமஸ் சார் பார்த்தார். ஓர் இலை காலியாக இருக்க விடவில்லை அவர்கள்.

கடைசியில் பாயசம் வந்தது. ஜெஸ்வின் வாளியைத் தூக்கிக்கொண்டு தேர் போல நடந்து வந்தான். அப்புவின் இலைக்கு முன்னால் குனிந்தான்.

"ரெண்டு கரண்டிதானே?"

"மூணு" என்றான் அப்பு. போன வருடத்துக் கணக்கும் அவன் மனதில் இருந்தது.

ஜெஸ்வின் மூன்று கரண்டி ஊற்றினான். அப்பு அதில் வாழைப்பழத்தைப் பிசைந்தான், பப்படத்தை நொறுக்கிப் போட்டான், இலையை மடித்துக் கையால் வழித்துச் சாப்பிட்டான். மூக்கின் நுனியிலும் புது மஞ்சள் சட்டையிலும் பாலடை. தீர்த்தா மடிக்கணினிக்குப் பின்னால் இருந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுக்குப் பசியே மறந்துபோனது. இந்த உலகத்திலேயே தன்னைவிடச் சந்தோஷமான ஆள் யாரும் இல்லை என்று தோன்றியது.

அடுத்த பந்தி: 3, 4. அதற்கடுத்தது: 5, 6. திரை கூப்பிட்டது, பிள்ளைகள் வந்தார்கள், யாரும் ஓடவில்லை, யாரும் விடுபடவில்லை. ஏழாம் வகுப்பின் முறை வந்தபோது ஜெஸ்வின் தீர்த்தாவின் இலையில் கேட்காமலேயே மூன்று கரண்டி ஊற்றிவிட்டுப் போனான். நடுவில் ஒரு சமயம் தாமஸ் சார் தன் மைக்கைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்.

கடைசிப் பந்தியில் ஒன்பதாம் வகுப்பும், பரிமாறிக் களைத்த பத்தாம் வகுப்பும் உட்கார்ந்தன. அவர்களுக்குத் தாங்கள்தான் பரிமாறுவோம் என்று இரண்டாம் வகுப்பு அடம் பிடித்தது. சாம்பார் வாளியைத் தூக்க அவர்களால் முடியாது. அதனால் உப்பு வைக்கும் வேலையைக் கொடுத்தார்கள். ஜெஸ்வினின் இலையில் மட்டும் ஆளாளுக்கு உப்பு வைத்து ஒரு குட்டி மலையே எழும்பிவிட்டது.

மூடி வைத்த பாத்திரம் திறந்தது. பத்தாம் வகுப்புக்குப் பாயசம் தாராளமாகவே இருந்தது. ஜெஸ்வின் இலையை வழித்துக்கொண்டே தீர்த்தாவைக் கூப்பிட்டான்.

"அடுத்த வருஷம் நான் பதினொண்ணு. உன் கம்ப்யூட்டர் என்னை ஒண்ணாம் வகுப்பு பக்கத்துல உட்கார வைக்குமா?"

"இனிமே வைக்காது சேட்டா. பதினொண்ணு, இருபது, நூறு எல்லாம் போட்டுப் பார்த்துட்டேன்" என்றாள் தீர்த்தா.

"நூறாம் வகுப்பு யாருடீ படிக்கிறா?" என்று ஷிஃபானா கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். தீர்த்தாதான் உரக்கச் சிரித்தாள்.

சாயங்காலம் மழை விட்டிருந்தது. அக்காவும் தம்பியும் ஈரமான வரப்பில் மெதுவாக நடந்து வீட்டுக்குப் போனார்கள். மெதுவாகத்தான் நடக்க முடிந்தது. வாசலில் அம்மா காத்துக்கொண்டு நின்றாள்.

"கிடைச்சுதாடா பாயசம்?" என்று கேட்டாள்.

அப்பு சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டினான்.